மாமா தாண்டிப் போன பாடம்

மருமகள் நர்ஸிங் படிக்கச் சேர்ந்ததிலிருந்து, அந்த வீட்டில் அவளிடம் ஒரு வியாதியாவது வாங்காத ஆள் கிடையாது. தைராய்டு பாடம் நடந்த வாரம் அத்தையின் கழுத்து வீங்கித் தெரிந்தது. சிறுநீரகம் நடந்தபோது புருஷனின் கண்ணிமை ஊதியிருந்தது. விடிய விடிய மேட்ச் பார்த்த கண் அது என்பது பிறகுதான் தெரிந்தது. மூளைப் பாடத்தில் அவளுக்கே ஒரு கட்டி வந்து, தலைவலி மாத்திரை ஒன்றில் கரைந்தும் போனது.

"ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியராம். நாம இருக்கிறதே நாலு பேர். பாத்து செலவு பண்ணு" என்பான் புருஷன். சாப்பாட்டு மேஜையில் வியாதிப் பேச்சே கூடாது என்று அத்தை சட்டமே போட்டுவிட்டாள்.

அவள் பக்கம் நின்றவர் மாமா ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மருமகள் படிக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்று கல்லூரியில் சேர்த்தவர். தினமும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பார். எந்த உறுப்பு, என்ன கோளாறு, அதனால் உடம்பில் வேறு எதெல்லாம் கெடும் என்று அவள் கடகடவென்று சொல்ல வேண்டும். சரியா என்று அவருக்கு எங்கே தெரியும்? வரியில் விரல் வைத்துப் பார்த்துத்தான் தலையாட்டுவார். போன தடவை இந்த வியாதித் தாளில் அவள் தோற்றுவிட்டாள். இந்தத் தடவையும் தோற்றால் கல்லூரியை விட்டு நிற்க வேண்டியதுதான். திங்கட்கிழமை பரீட்சை.

சனிக்கிழமை மாமா பக்கங்களைக் கொத்தாகத் தள்ளினார்.

"நுரையீரல் முடிஞ்சுது. அடுத்து கல்லீரல்."

"இதயத்தை விட்டுட்டீங்க மாமா."

"அது உனக்கு அத்துப்படிம்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. குடுங்க, நானே பாத்துக்கறேன்."

உள்ளே அத்தை அலமாரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுல தலையணைக்குக் கால் முளைச்சிருக்கு. விருந்தாளிக்குன்னு வச்ச ரெண்டையும் காணோம்."

மருமகள் படித்துக்கொண்டே போனாள். இதயம் தளர்ந்தால் ரத்தத்தை முன்னே தள்ள முடியாது, பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். கால் வீங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். நோயாளியிடம் கேள்: எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமாவின் முதுகுக்குப் பின்னால் தலையணைகள் அடுக்கியிருந்தன. ஒரு மாதமாக அவர் படுக்கைக்கே போவதில்லை. "நீ படிக்கறப்ப துணைக்கு இருக்கேன்" என்று நாற்காலியிலேயே தூங்குகிறார். அந்தப் பாசத்தைக் கல்லூரி முழுக்கச் சொல்லிப் பூரித்தவள் அவள்தான். இப்போது குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தாள். செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. புத்தகத்தை மூடிவிட்டு, உள்ளே இருந்த அத்தையையும் புருஷனையும் கூப்பிட்டாள்.

"மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

"இந்த வாரம் அப்பா முறையா?" என்றான் புருஷன்.

இத்தனை தடவை தப்பாகச் சொன்ன வாயை யார் நம்புவார்கள்? இதுவும் தப்பாகவே இருக்கட்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டாள். ஆனால் விடுவதாக இல்லை.

"மாமா, தலையணை இல்லாம அஞ்சு நிமிஷம் மல்லாந்து படுங்க. படுத்துட்டீங்கன்னா, இனிமே இந்த வீட்டுல வியாதின்னு வாயே திறக்க மாட்டேன்."

"நல்ல பேரம்" என்றாள் அத்தை. "படுங்களேன், எல்லாருக்கும் நிம்மதி."

"சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாதும்மா."

"நீங்க இன்னும் சாப்பிடவே இல்ல மாமா."

வேறு வழியில்லாமல் போய்ப் படுத்தார். ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தவருக்குப் பேச்சு பாதியில் நின்றது. கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. மூச்சு கரகரத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றாள் மருமகள்.

"அந்தப் பாடத்தைப் படிச்சேன்மா" என்றார், மூச்சு திரும்பியதும். "வரிக்கு வரி என்னைத்தான் எழுதியிருந்தான். நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டா நீ பரீட்சைக்குப் போக மாட்டே. திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன்."

அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். கோபம்தான் வந்தது.

"பிரேக் பிடிக்காத பஸ்ஸை நீங்க திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டுவீங்களா மாமா?"

புருஷன் வண்டிச் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "எத்தனை தலையணை வச்சுத் தூங்கறீங்க?"

"மூணு" என்று அத்தை முந்திக்கொண்டாள். "நான் அதைத்தான் வீடெல்லாம் தேடிட்டு இருந்தேன், டாக்டர்."

நீர் இறங்க ஊசி போட்டார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமா ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். பக்கத்து ஸ்டூலில் மருமகள் இருந்தாள். புத்தகம் வீட்டிலேயே கிடந்தது.

"இதயம் தளர்ந்தா என்னென்ன ஆகும், சொல்லு."

அவள் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். ரத்தம் எங்கே தேங்கும், நீர் எங்கே கோக்கும், கால் ஏன் வீங்கும், படுத்தால் ஏன் முட்டும். கடைசிவரை சொன்னாள்.

"சரியா மாமா?"

விரல் வைத்துப் பார்க்க அவர் கையில் புத்தகம் இல்லை.

"எல்லாம் சரிம்மா" என்றார். "ஒண்ணுகூட விடல."