குரல் தானம்

1

இந்தக் கதை ஒரு மிரட்டலில் பிறந்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்சி எடிசனில் ஒரு தமிழ்ச் சபையின் கிறிஸ்மஸ் மலருக்கு ஆசிரியை இந்திராதேவி ஆன்ட்டி. போன் செய்தார்.

"தம்பி, நீங்கள் வாரப் பத்திரிகையில மர்மத்தொடர் எழுதின ஆள்தானே? எங்கட மலருக்கு ஒரு கதை வேணும். கிறிஸ்மஸுக்கு முந்தின நாளுகளில தினம் ஒண்டைக் குடுத்துக் குடுத்து மனசைத் தயார்படுத்துறது பற்றி."

"எழுதிட்டாப் போச்சு ஆன்ட்டி."

"பிணம் விழக் கூடாது."

"சரி."

"கள்ளத்தொடர்பும் கூடாது."

"அப்புறம் மிச்சம் என்ன ஆன்ட்டி இருக்கு?"

"கிறிஸ்து இருக்கிறார்" என்று போனை வைத்துவிட்டார்.

முதல் பாராவிலேயே ஒருத்தரைச் சாய்த்துப் பழகியவன் நான். பட்ட பாட்டைப் பாருங்கள்.

தொடக்கம் ஒன்று: 'ஓக் ட்ரீ ரோடு மளிகைக்கடையின் பின்புறம், பனியின் மேல் சிவப்பாய்ச் சொட்டியிருந்தது—' (கூடாது. ஊறுகாய் என்று சமாளித்தாலும் ஆன்ட்டி நம்ப மாட்டார்.)

தொடக்கம் இரண்டு: 'கொடுப்பதில்தான் இன்பம் என்பதை ஷாந்தன் சிறு வயதிலேயே—' (இதற்கு ரத்தமே தேவலை.)

தொடக்கம் மூன்று: 'ஷாந்தனுக்கு நல்ல குரல்.' (இது போதும். கிளம்பலாம்.)

2

ஷாந்தனுக்கு நல்ல குரல். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடம் சாணை பிடித்து அனுப்பிய ஆங்கிலம். ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசிப்பது அவன்தான். அவன் வாசிக்கும்போது தூங்குகிறவர்கள்கூட மரியாதையாகத் தூங்குவார்கள்.

1998 டிசம்பர். அவன் மனைவி சயந்தினி வீட்டில் சட்டம் போட்டாள். கிறிஸ்மஸ் வரை தினம் ஒன்று, யாருக்காவது கொடுக்க வேண்டும். ஷாந்தன் உற்சாகமாக ஆரம்பித்தான். முழங்கை கிழிந்த ஸ்வெட்டரைக் கொடுத்தான். போன வருஷம் யாரோ தந்த கேக்கை, டப்பா திறக்காமல், இன்னொருவருக்குக் கொடுத்தான்.

"உது குடுக்கிறேல்லையப்பா" என்றாள் சயந்தினி. "வீடு கூட்டுறது."

"அப்ப எதைக் குடுக்கச் சொல்லுறீர்?"

"குடுத்தா உங்களுக்கு நோகோணும்."

3

கீழ்வீட்டில் வெள்ளியங்கிரி. பொள்ளாச்சிக்காரன். ஒரு கன்சல்டிங் கம்பெனி தரையில் பெட்ஷீட் விரித்துவிட்டு அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தது. அதில் ப்ராஜெக்ட் கிடைக்காமல் காத்திருந்தான். கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் புலி.

[பின்னால் பிறந்தவர்களுக்கு: 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் முழிக்கும் என்று பயந்து, அமெரிக்கா ஆள் தேடி அலைந்த காலம். மூச்சு விடத் தெரிந்தால் வேலை. வெள்ளியங்கிரிக்கு மூச்சு விடத் தெரியும்; போனில் ஆங்கிலம் பேசும்போது மட்டும் மறந்துவிடும்.]

புத்தாண்டுக்குள் ப்ராஜெக்ட் கிடைக்காவிட்டால் ஊருக்கு டிக்கெட் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜனவரியில் வரவேண்டிய புது மனைவி தாமரைச்செல்விக்கு விசா குத்தியாகிவிட்டது. பொள்ளாச்சியில் நல்ல ஸ்வெட்டர் கிடைக்கவில்லை என்று ஊட்டிக்கே போய் வாங்கி வைத்திருந்தாள்.

மாடியேறி வந்தான்.

"ஏனுங்ணா, பார்சிப்பனியில ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. நாளைக்குப் போன் இன்டர்வியூங்க. எனக்கு வேலை தெரியுமுங்ணா. பேச்சுத்தான் வராது. உங்க குரலைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

அன்றைக்குக் கொடுக்க ஒன்றும் சிக்காமல் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்த ஷாந்தன் நிமிர்ந்தான்.

4

இன்டர்வியூ. ஸ்பீக்கர் போன். கேள்வி கேட்டது பார்பரா என்ற மேனேஜர். வெள்ளியங்கிரி தமிழில் பதிலைக் கிசுகிசுப்பான்; ஷாந்தன் அதற்குக் கோட்டும் டையும் மாட்டி அனுப்புவான். மூளை கொங்குநாடு, ஒலிபரப்பு யாழ்ப்பாணம்.

கடைசியில் பார்பரா, "யூ ஹாவ் எ பியூட்டிஃபுல் வாய்ஸ், வெல்லி. பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?" என்றாள்.

வெள்ளியங்கிரி 'ஒண்ணுமில்லை' என்று கையை ஆட்டினான்.

"மேடைப் பேச்சு" என்றான் ஷாந்தன், அழகான ஆங்கிலத்தில்.

(இந்த இடத்தில் எனக்கு ஷாந்தன் மேல் சந்தேகம் வந்தது. அவன் கொடுத்தானா, கிடைத்த மைக்கை விட மனமில்லையா? 'அவன் கண்கள் கருணையால் பனித்தன' என்று எழுதி அடித்துவிட்டேன். பனிக்கவில்லை. பளபளத்தன.)

வேலை கிடைத்துவிட்டது.

5

இதுவரை எழுதியதை ஆன்ட்டிக்கு அனுப்பினேன்.

"பொய் சொல்லிக் குடுத்தது எப்பிடித் தம்பி தருமமாகும்?"

"அதுதான் ஆன்ட்டி கதையே."

"அப்ப கதையை மாத்துங்கோ."

"பிணம் போட்டுக்கட்டுமா?"

"இப்பிடியே எழுதுங்கோ" என்றார்.

6

திங்கட்கிழமை வெள்ளியங்கிரி கழுத்தில் மஃப்ளருடன் பார்சிப்பனி போனான். தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டில் விரல் வைத்தான். டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறாராம். பேசாத புரோகிராமரை எந்த ஆபீஸும் வெறுத்ததில்லை. அவன் பாட்டுக்குத் தேதிகளைச் சரிசெய்தான்; மற்றவர்கள் மீட்டிங் போய்வருவதற்குள் அவர்கள் வேலையையும் சேர்த்து முடித்தான்.

பார்பரா தினமும் ஒரு கப் டீயில் தேன் கலந்து அவன் மேஜையில் வைத்தாள். தொண்டைக்கு நல்லது என்று. சயந்தினியின் சட்டம் அவளுக்குத் தெரியாது. இந்தக் கதையில் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அவள் ஒருத்திதான். (நான் திட்டமிடவில்லை. ஒரு அசட்டு வெள்ளைக்கார மேனேஜராகத்தான் அவளைக் கொண்டுவந்தேன். டீயோடு வந்து நின்றுவிட்டாள்.)

அப்புறம் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கிறிஸ்மஸ் லஞ்ச். டீமுக்கு நான் ஒரு நன்றியுரை எழுதியிருக்கிறேன். உன் குரலில்தான் வாசிக்க வேண்டும். உனக்குத்தான் மேடைப் பேச்சு பிடிக்குமே."

7

வெள்ளியங்கிரி மாடிக்கு ஓடிவந்து கொட்டினான். சயந்தினியும் அங்கேதான் இருந்தாள் என்பதைக் கொட்டி முடித்த பிறகு பார்த்தான்.

சயந்தினி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் குரலைக் குடுத்தீங்களோ, இந்தப் பெடியன்ர வாயைப் பறிச்சீங்களோ?"

ஷாந்தனுக்கு நொந்தது. சட்டப்படி அதுதான் அவனுடைய முதல் கொடை. "நான் போய் உண்மையைச் சொல்லுறன். அது என்ர பொறுப்பு."

"ஐயோ அண்ணா, இனிமே நீங்க ஒண்ணுமே குடுக்காம இருந்தாப் போதுமுங்ணா."

"சத்தம் போடாதேங்கோ ரெண்டு பேரும்" என்றாள் சயந்தினி. "தம்பி, உமக்கு என்ன செய்ய விருப்பம்? அதை ஒருத்தரும் கேக்கேல்லையே."

அவன் மஃப்ளரை முறுக்கினான்.

"பேசோணுமுங்க அக்கா. பேசுனா வேலை போயிரும். செல்வி வரமுடியாது. ஆனா அந்தம்மா தெனமும் டீ கொண்டாந்து வெக்கிறாங்க, நான் ஊமையாட்டம் தலையை ஆட்டறேன். வாயைத் தொறந்து ஒரு தேங்க்ஸ் சொன்னதில்லீங்க."

8

முடிவுகள் மூன்று கைவசம் உள்ளன.

அ) ஆன்ட்டிக்குப் பிடித்தது. வெள்ளியங்கிரி உண்மையைச் சொல்கிறான், பார்பரா கண்ணைத் துடைக்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே சரியான நேரத்தில் பனி— (பனிக்கு வேறு வேலை இல்லையா?)

ஆ) எனக்குப் பிடித்தது. மேஜைவிரிப்புக்கு அடியில் ஷாந்தன். மேலே வெள்ளியங்கிரி வாயை மட்டும் அசைக்கிறான். பாதி உரையில் கீழே இருமல். விளக்கு அணைகிறது. மறுபடி எரியும்போது வான்கோழியின் மேல் குப்புற— (மன்னிக்கவும் ஆன்ட்டி. கை தானாகப் போகிறது.)

இ) யாருக்கும் பிடிக்காதது. குரல் மாறியிருப்பது பார்பராவுக்குப் புரிகிறது. நல்லவள்தான். ஆனாலும் சாயங்காலம் செக்யூரிட்டி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து அவனைக் கார் நிறுத்தம்வரை கூட்டிப்போகிறான். ஊட்டி ஸ்வெட்டர் பொள்ளாச்சி பீரோவிலேயே கிடக்கிறது.

"இதில எது தம்பி நடந்தது?" என்றார் ஆன்ட்டி.

"தெரியாது."

"எழுதினது நீங்கள்தானே?"

"லஞ்ச் வரைக்கும்தான் எழுதியிருக்கேன் ஆன்ட்டி."

9

லஞ்ச். ஹாலில் எல்லோரும் தட்டோடு நிற்கிறார்கள். வெள்ளியங்கிரி மஃப்ளரை அவிழ்த்து நாற்காலியில் போடுகிறான். பார்பரா தாளை நீட்டுகிறாள். வாங்குகிறான். தாளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கிறான்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். ஷாந்தனுக்கு நல்ல குரல் என்று சொன்னேன். வெள்ளியங்கிரியின் குரல் கீச்சா, கட்டையா, கரகரப்பா என்று எங்கேயும் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம், இல்லை. ஆனாலும் அவன் "ஏனுங்ணா" என்று மாடியேறி வந்ததிலிருந்து உங்கள் தலைக்குள் ஏதோ ஒரு குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். அது எனக்குக் கேட்காது. உங்களிடம்தான் இருக்கிறது.

அதைக் கொஞ்சம் கொடுங்கள், அவனுக்காக, வாய்விட்டு. கண்ணால் மட்டும் வாசித்துவிட்டுப் போவது செல்லாது, அது வீடு கூட்டுவது. உதடு அசைய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

இதுவும் அதே களவுதானே என்பாள் சயந்தினி. சரிதான். ஆனால் காகிதத்தில் பிறந்தவனுக்கு வேறு வழியில்லை. அவன் வேலையும் செல்வியின் விமானமும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கின்றன.

வெள்ளியங்கிரி வாயைத் திறந்துவிட்டான். பார்பரா காத்திருக்கிறாள். நான் பேனாவை மூடுகிறேன்.

ம். சொல்லுங்கள்.