இரண்டாவது சாட்சி

நில அலுவலகக் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்தேன்னு நீங்க சொன்னாப் போதாது. பாத்தவங்க ரெண்டு பேர் வந்து சத்தியம் பண்ணணும். அப்பதான் பட்டா."

"காத்துதான் பாத்துச்சு," என்றார் என் கொள்ளுத்தாத்தா தோர்கெல்.

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

அமெரிக்காவின் டகோட்டாவில் எங்கள் நிலத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை புல்தான். எட்டு மைல் தெற்கே டூலன் என்ற அயர்லாந்துக்காரர் ஒண்டிக்கட்டையாக இருந்தார். அவர் ஒரு சாட்சி. இன்னொருவர் என்றால் நில்ஸ் பெர்க்தான். நான்கரை வருஷம் பக்கத்து நிலத்தில் உழுதவர், முந்தைய அக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வண்டி கட்டினார். தோர்கெல் கலப்பையிலிருந்து கையை எடுக்காமலே, "ஓடுறவனை என்ன வழியனுப்புறது?" என்றார். தோர்கெலின் மனைவி மாரித் மட்டும் ஓடைவரை வண்டியோடு நடந்துபோய்த் திரும்பினார். அன்றிலிருந்து வடக்குப் பக்கம் யார் வீட்டுப் புகையும் தெரியவில்லை.

அந்த நில்ஸைத் தேடி தோர்கெல் நான்கு நாள் கிழக்கே நடந்தார். மரம் அறுக்கும் ஆலையில், தலையெல்லாம் மரத்தூளாக நின்றிருந்தார் நில்ஸ்.

"ஓடுனவன் சாட்சி செல்லுமாப்பா?"

தோர்கெல் தொப்பியைக் கழற்றினார். நில்ஸ் அதைப் பார்த்துவிட்டு மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒருமுறை, "பிள்ளைங்க நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டார்.

"வளர்றாங்க," என்றார் தோர்கெல்.

அலுவலகத்தில் டூலன் முதலில் சொல்லி முடித்தார். அடுத்து நில்ஸ் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். வீடு உண்டா? உண்டு, புல்மண் பாளங்களை அடுக்கிக் கட்டினது. கிணறு? வெட்ட நானும் கூட இருந்தேன். குடும்பத்தில் எத்தனை பேர்?

"நாலு."

"மூணு," என்றார் தோர்கெல்.

நில்ஸ் சிரித்தார். "எண்ணத் தெரியாதா உனக்கு? நீ, மாரித், பெரித், சின்னவன் கனுத்." தோர்கெலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "கனுத்?"

"பிப்ரவரில. தொண்டை அடைச்சு."

குமாஸ்தா இருவரையும் பார்த்தார். "குடியிருந்தவங்க எத்தனை பேருங்கறதுதான் கேள்வி," என்று சொல்லி, நான்கு என்று எழுதினார்.

வெளியே வந்ததும் நில்ஸ் கேட்டார். "நாலு நாள் கூடவே நடந்தியே. ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எனக்காகப் பரிதாபப்பட்டு வந்ததா ஆயிருக்கும்."

நில்ஸ் கிழக்கே போக வேண்டியவர். போகவில்லை. தோர்கெலோடு மேற்கே நடந்தார்.

இரண்டு ஆட்கள் வருவதைக் கண்டு மாரித் வாசலுக்கு வந்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். காபி கொதித்தது. முதலில் நில்ஸின் மனைவி கேர்ஸ்டின் எப்படியிருக்கா, அங்கே மரமெல்லாம் உண்டா என்றுதான் கேட்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

தோர்கெல் வாளியோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாரித்தின் குரல் நிற்காமல் கேட்டது. கனுத் கடைசியாக என்ன கேட்டான், எந்தப் பக்கம் தலையைத் திருப்பினான் என்றெல்லாம் அவர் நில்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூட தோர்கெல் இதுவரை கேட்டதில்லை.

கதவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். வாளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, சுவரில் முளைத்திருந்த புல்லில் காதைச் சாய்த்து அவர் வெளியிலேயே நின்றார்.