மரத்தடியில் போட்ட குடில்

ஹென்யா கட்டிய குடில் நன்றாகத்தான் இருந்தது. சுற்றிலும் பலகை, மேலே பைன் கிளைகள். கணவன் லேசர் வருஷா வருஷம் போட்ட அதே இடத்தில், வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தாள். அவன் வசந்தத்தில், பஸ்கா பண்டிகை முடிந்த கையோடு இறந்துபோனான். வின்னிபெக் குளிரில் தனியாக எப்படி இருப்பீர்கள், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வாருங்கள் என்று கொழுந்தன் ஃபைவல் அன்றிலிருந்து நச்சரித்தான். யூதர்களின் குடில் திருநாளுக்குத் தன் கையாலேயே குடில் போட்டு, அதில் விருந்தும் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அவளும் வீம்பாகச் சொல்லியிருந்தாள்.

மதியம் வந்த ஃபைவல் பலகையை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. அண்ணாந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அண்ணி, இது செல்லாது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் மேல வந்து கவிஞ்சிருக்கு பாருங்க. வானம் தெரியாம மரத்தடியில போட்டா அது குடிலே இல்ல."

ஒரே கோடையில் கிளை இவ்வளவு நீளும் என்று யார் கண்டது?

"பொம்பளைங்களுக்கு இது கட்டாயமும் இல்லையே. பேசாம நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

"கட்டாயம்னா சாக்கு தேடலாம், ஃபைவல். இது நானா செய்யறது."

"பொழுது சாஞ்சா திருநாள் தொடங்கிடும், அப்புறம் ஆணியைத் தொடக்கூடாது."

"அதான் உன்கூடப் பேச நேரமில்ல. நகரு."

அவன் உதவவில்லை, அவளும் கேட்கவில்லை. பலகைகளைக் கழற்றி, வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்துக்கு இழுத்தாள். அங்கே மரம் கிடையாது. தெருவே வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும். விரல் நசுங்கியபோது வாயில் வந்த வார்த்தை திருநாளுக்கு ஆகாதது. கடைசிக் கிளையைக் கூரையில் போட்டுவிட்டு, சூரியன் விழுவதற்குள் மெழுகுவத்தி ஏற்ற ஓடினாள்.

ஜெப ஆலயத்திலிருந்து ஃபைவல் அவள் குடிலுக்கு வந்தபோது பனி விழத் தொடங்கியிருந்தது. கூரைக் கிளைகளின் வழியே அது மேஜை விரிப்பிலும் ரொட்டியிலும் விழுந்தது.

"இப்படிக் கொட்டினா உள்ள போகலாம்னு சட்டமே சொல்லுது, அண்ணி. போகாதவனை முட்டாள்னும் சொல்லுது."

"சொல்லிட்டுப் போகட்டும்."

ஹென்யா திராட்சை ரசக் கோப்பையை எடுத்தாள். ஆசீர்வாதத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், இந்தப் பருவம்வரை எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவனுக்கு நன்றி என்னும் இடத்தில் நின்றுபோனாள். லேசர் வந்து சேரவில்லையே. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அவளுக்குப் பதிலாகச் சொல்ல ஃபைவல் வாயெடுத்தான்.

"நானே சொல்றேன்," என்றாள். தெருமுனைவரை கேட்கும்படி, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.

ஃபைவல் தொப்பியில் விழுந்த பனியைத் தட்டாமல் நின்றுகொண்டிருந்தான். பிறகு "ஆமென்" என்றான்.