எட்டு மணி நேர இருட்டு

முட்டைத் தட்டு வீரமுத்துவின் கையிலிருந்து நழுவி, சிமெண்டுத் தரையெல்லாம் மஞ்சளாய் ஓடியது. குனிந்து ஓடுகளைப் பொறுக்கும்போதே அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடைந்த முட்டைக்காக யாராவது அழுவார்களா? அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த அந்தக் கோழிப்பண்ணையில் அவனுக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. பகலில் முட்டை பொறுக்க வேண்டும். இரவில் சிங்கப்பூர் போகும் லோரிகளில் ஏற்ற வேண்டும். உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் வாரம் மாறிவிடும். படுத்தால் உறக்கம் வராது, எழுந்தால் தலை நிற்காது. கலகலவென்று பேசித் திரிந்த மனிதன் சிடுமூஞ்சியாகிவிட்டான். போன வாரம் இரவு வேலை முடிந்து பகலில் பண்ணை வீட்டில் படுத்திருந்தவன், மிக்சி சத்தம் கேட்டு எழுந்துவந்து மனைவி பிரேமலாவை அடிக்கக் கை ஓங்கிவிட்டான். கை இறங்கவில்லைதான். ஆனால் பார்த்துக்கொண்டு நின்ற மகள் அன்று முழுக்க அவன் பக்கமே வரவில்லை.

பிரேமலா அவனைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுது. நீங்க வாரா வாரம் அத திருப்பி வெக்கிறீங்க. அதான் தூக்கமும் போச்சு, மனசும் கெட்டுப்போச்சு" என்றார் டாக்டர். காலை வெயிலில் நிற்க வேண்டும், இருட்டில் உறங்க வேண்டும், நேரம் மாறக் கூடாது. அதுதான் மருந்து என்றார்.

"மாத்திரைன்னா வாங்கிடலாம். வெயிலையும் இருட்டையும் எங்க போய் வாங்குறது?" என்று வெளியே வந்ததும் கேட்டான் வீரமுத்து.

"பகல் வேலையே குடுங்கன்னு கேளுங்க. கெடைக்கலன்னா நான் புள்ளைய கூட்டிக்கிட்டு லாபிஸ்ல அம்மா வீட்டுக்குப் போயிருவேன். கோவத்துல சொல்லலைங்க. பயமா இருக்கு."

அதை நினைத்தபடிதான் இப்போது ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தான். பண்ணை மேனேஜர் கமலநாதன் வந்து பார்த்துவிட்டு, திட்டாமல் தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வீரமுத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"தவுக்கே மத்தியானம் வர்றாரு. கேட்டுப் பாக்குறேன்டா" என்றார் அவர். நல்ல மனிதர், பாவம்.

தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி ஒரு கால்நடை மருத்துவரோடு வந்தார். மூன்றாம் கொட்டகையில் முட்டை குறைந்துவிட்டதாம். ஏணி பிடித்துக்கொண்டு பின்னாலேயே போன வீரமுத்துவின் காதில் எல்லாம் விழுந்தது. கோழிக்குத் தினமும் எட்டு மணி நேரம் சுத்தமான இருட்டு வேண்டும், நேரம் மாறக் கூடாது, கண்ட நேரத்தில் வெளிச்சம் பட்டால் அதற்குப் பொழுது குழம்பி ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்று மருத்துவர் மலாயில் விளக்கினார். கிளினிக் டாக்டர் சொன்னதேதான்! முதலாளி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். இன்றைக்கே சரி செய்துவிட வேண்டும் என்றார். இனி தன் பாடும் அவருக்குப் புரிந்துவிடும் என்று வீரமுத்து நம்பினான்.

சாயங்காலம் கமலநாதன் ஸ்பானரோடு வந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டேன்டா. ஆளு பத்தலையாம். எல்லாருக்கும் மாறி மாறித்தான்ங்கிறாரு. அடுத்த வருசம் பாக்கலாம் லா." ஸ்பானரை நீட்டினார். "லோரி நிக்கிற எடத்துல இருக்கே பெரிய லைட்டு, அது கொட்டகையில அடிக்குதாம். அந்தப் பக்கம் திருப்பி வெச்சிரு."

அந்தப் பக்கம் இருந்தது தொழிலாளர் வீடுகள் மட்டும்தான். வீரமுத்து பிரேமலாவுக்குப் போன் செய்து பகல் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணியை இறக்கிக் கட்டினார்கள். கோழிகளின் கொக்கரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வீரமுத்து ஏணியில் ஏறி, துருப்பிடித்த நட்டை முக்கித் திருகி விளக்கைத் திருப்பினான். கீழே கமலநாதன் சுவிட்சைப் போட்டார்.

வெள்ளை வெளிச்சம் அவன் வீட்டு ஜன்னலுக்குள் பாய்ந்தது. கட்டிலில் பை திறந்து கிடந்தது. பிரேமலா மகளின் நீலச் சீருடையை மடித்து அதற்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரேமா!" என்று ஏணியிலிருந்தே கத்தினான்.

"ஸ்ஸ்… கத்தாதடா வீரா" என்றார் கமலநாதன், கீழேயிருந்து அடிக்குரலில். "கோழி முழிச்சிக்கும்."