கழற்றிய பாகங்கள்

வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு, இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை விற்றுப் பெரிய காராக வாங்கிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். வாங்க வந்த பல் டாக்டரம்மா சர்வீஸ் புத்தகத்தைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

“முதல் வருஷத்துக்கு அப்புறம் ஷோரூம் சீலே இல்லையே?”

“அங்க ஒரு தடவைக்குக் கேக்குற காசுல, எங்க மெக்கானிக் மூணு தடவை பண்ணிடுவாருங்க.”

“பண்ணினாருன்னு நான் எப்படி நம்புறது? விலையில கால்வாசி குறைச்சுக்குங்க.”

கால்வாசி போனால் பெரிய கார் கனவுதான்.

அந்த மெக்கானிக்குக்கு, கழற்றிய பாகம் ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, கையிலேயே கொடுத்தனுப்பும் பழக்கம் உண்டு. ஐந்து வருடத்தில் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. “வீடா, பட்டறையா?” என்று மனைவி வறுத்தெடுப்பாள். போன வாரத்திலிருந்து பெட்டியைக் காணோம்.

தயங்கித் தயங்கி அவளைக் கேட்டான். அவள் உள்ளே போய் டயப்பர் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்து வந்தாள்.

டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தேய்ந்த பிரேக் பேடுகளையும் கறுத்த பிளக்குகளையும், பிடுங்கிய பற்களைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தேதிவாரியாக அடுக்கினார்.

“சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். அந்த மெக்கானிக் நம்பரையும் குடுங்க.”

அவர் போனதும் மனைவியிடம் குழைந்தான். “எனக்காகத்தானே பத்திரமா வெச்சிருந்த?”

“நினைப்புதான்! பழைய இரும்புக்காரர் இன்னும் வரல.”