படத்தில் மட்டும் இருந்த புள்ளி

ஆட்டோ ஹார்ன் மல்லேஸ்வரம் தெருவையே எழுப்பியது. கோமளம் கதவைத் திறந்தாள். வாசலில் கேத்தரின் மூச்சு வாங்க நின்றாள். கோமளத்தின் கணவர் ஆராவமுதனோடு ஒரே கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள்.

"மாமி, சார் பேப்பரைப் போஸ்ட் பண்ணிட்டாரா?"

"ஞாயித்துக்கிழமை ஏது போஸ்ட் ஆபீஸ்? நாளைக்குத்தான். நீ சர்ச்சுக்குப் போகலையா?"

"பாதிப் பூசையில எழுந்து வந்துட்டேன்."

"ஆண்டவரை விட்டுட்டு இவரைப் பார்க்கவா? நன்னாருக்கு!"

கட்டுரை கூடத்து மேஜை மேல் இருந்தது, எதிரே ஆராவமுதன். ஆராவமுதனின் பன்னிரண்டு வருஷ உழைப்பு. சில புள்ளிகள் தெரிந்தால் வேறு எவை தாமாகத் தெரியவரும் என்பதை வைத்து, நிலையான கணித உலகங்களுக்கு வடிவம் காண்பது அவர் துறை. வடிவங்கள் மூன்றே என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாத தூசி, நேர்கோடுகளின் வலை, வளைகோடுகளின் காடு. பிறகு வெளிநாட்டில் யாரோ நாலாவதைக் கண்டுபிடித்தார்கள். தான் ஆராயும் உலகங்களில் அது நுழையவே முடியாது என்பது ஆராவமுதனின் தேற்றம். அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அவர் நம்பியிருந்தது இதைத்தான்.

கேத்தரின் ஒன்பதாம் பக்கத்துப் படத்தில் விரல் வைத்தாள்.

"இந்த ரெண்டு கோடும் வெட்டுற புள்ளி எங்கேருந்து வந்தது சார்?"

"கோடு வெட்டினா புள்ளி இருக்காதா?"

"படத்துல இருக்கு. உங்க உலகத்துல இருக்கா?"

ஆராவமுதன் பக்கங்களைப் புரட்டினார்; நிரூபணம் முழுக்க அந்தப் புள்ளியின் மேல்தான் நின்றது. கேத்தரின் ஒரு தாளை இழுத்து வரையத் தொடங்கினாள். ஒரு புள்ளி சேர்த்தால் ஒன்று கூட்டல். மூன்று புள்ளிகளை உறவால் கட்டினால் ஒன்று கழித்தல். கணக்கு எங்கேயும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. வெளிநாட்டுக்காரர்களின் முறைதான், ஆனால் அதை அவருடைய உலகத்துக்கு ஏற்ப அவள் வளைத்திருந்த விதம் புதிது. தூசி இல்லை, வலை இல்லை, காடும் இல்லை. வரவே வராது என்று அவர் சொன்ன நாலாவது வடிவம், அவர் வீட்டு மேஜையிலேயே வளர்ந்தது.

ஒரு மணி நேரம் வரி வரியாகச் சரிபார்த்தார்; அவள் கணக்கில் பிழையே இல்லை. காபி ஆறியது.

"சாரி சார்," என்றாள் கேத்தரின்.

"எதுக்கு சாரி? உன் பேரைப் போட்டு உடனே எழுது."

அவர் கண்கள் வழிந்தன. கோமளம் பதறினாள். "பன்னண்டு வருஷம் வீணாப் போச்சேன்னு அழறேளா?"

"இவ்வளவு அழகானது இருக்கவே முடியாதுன்னு பன்னண்டு வருஷமா நிரூபிச்சுண்டு இருந்திருக்கேனேடி!"