அறுபத்து நான்கா, எட்டா

ருபீடியம் அணுவுக்கு லேசர் ஒளியால் போதிய ஆற்றல் கொடுத்தால், அதன் வெளி எலக்ட்ரான் வெகுதூரம் விலகிப்போய்ச் சுற்றும். அணு பல ஆயிரம் மடங்கு பருத்துவிடும். அப்படிப் பருத்த இரண்டு அணுக்கள் தொட்டுக்கொள்ளாமல், தள்ளி நின்றபடியே ஒன்றையொன்று பாதிக்கும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பாதிப்பு என்று அளப்பது சின்னவளின் வேலை. வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. ஆய்வகத்திலும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

தூரத்தை இரட்டிப்பாக்கினால் பாதிப்பு அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்றது கணக்கு. அவளுக்கோ எட்டில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. தலைகீழாக நின்று பார்த்தாள். எட்டு எட்டாகவே நின்றது.

கணக்குப் போட்டவர் வேறொரு நகரத்துப் பேராசிரியர், அக்காவின் முன்னாள் கணவர். விவாகரத்துக்குப் பிறகு சின்னவளும் அவரும் பேசிக்கொண்டதில்லை. கூட்டு ஆய்வு என்பதால் மின்னஞ்சலில் எண்கள் மட்டும் போய்வந்தன. அளவீட்டைச் சரிபார்க்கவும் என்று அவர் எழுதினார். கணக்கைச் சரிபார்க்கவும் என்று அவள் எழுதினாள். இருவரும் சரிபார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் தொலைபேசியில் அழைத்தாள். ‘சார்’ என்று கூப்பிடுவதாகத்தான் நினைத்திருந்தாள். வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

“அத்தான், என் கருவிமேல பழியப் போட்டுட்டு அங்கயே உக்காந்திருந்தா எப்படி? நேர்ல வந்து பாருங்க.”

“சரிம்மா, வரேன்” என்றார்.

வந்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் லேசர் மேசையருகே நின்றார். வழக்கமாக மாலையில் அளப்பவள், அன்று அவருக்காகக் காலையிலேயே தொடங்கினாள். முதல் அளவீடு அறுபதைத் தாண்டியது. சின்னவளுக்கு முகம் சிவந்தது. அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“நான்தான் சொன்னேனேன்னு சொல்லிடுங்களேன்.”

“இன்னொரு தடவ அளந்து பாரு.”

மதியத்துக்குள் அது நாற்பதாகச் சரிந்தது. மாலையில் எட்டு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“காலைல நான் சொன்னது சரி, சாயங்காலம் நீ சொன்னது சரி. என்ன கூத்து இது?”

சின்னவள் அணுக்கள் இருந்த கண்ணாடிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசரின் நீல ஒளி அதன் சுவரில் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. அந்தச் சுவரில் ருபீடியம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும்.

“நீல வெளிச்சம் பட்டுக்கிட்டே இருக்கறதால படலத்துலேருந்து எலக்ட்ரான் தெறிச்சு, கண்ணாடியில மின்னூட்டம் சேருது அத்தான். ராத்திரி அணைச்சு வெச்சா கொஞ்சம் கொஞ்சமா போயிடுது. பகல்ல அணுக்கள் ஒரு மின்புலத்துக்குள்ள நிக்குது. அப்படி நின்னா, தள்ளி வெச்சாலும் பாதிப்பு அவ்வளவு வேகமா குறையாது.”

அவர் அந்தப் புலத்தைச் சேர்த்துக் கணக்கைப் போட்டார். விடை எட்டு.

“புலமே இல்லன்னு நானா நெனச்சுக்கிட்டேன். தப்புதான்” என்றார்.

“இருக்கான்னு நானும் அளந்து பாக்கல.”

மறுநாள் எதிர்ப்புலம் கொடுத்து அதை ரத்து செய்தார்கள். மாலை வரை அறுபத்து நான்கு அசையவில்லை. புலத்தை மறுபடி வரவிட்டால் எட்டு. வேண்டும்போது வேண்டியதை வரவழைக்க முடிந்தது. கட்டுரைக்கு அது போதும்.

புறப்படும்போது, “அக்கா சௌக்கியமா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கா.”

அவர் தலையசைத்துவிட்டு டாக்சியில் ஏறினார்.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“தப்புன்னு ஒத்துக்கிட்டாரா? அவர் வாயாலயா?” அக்கா சிரித்தாள். “அத்தன வருஷம் குடித்தனம் பண்ணேன். என்கிட்ட ஒரு தடவகூட…” சிரிப்பு பாதியில் நின்றது.

“அவர வரவழைக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் அக்கா.

“சொல்லியிருக்கணும். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்.”

“சொல்லியிருப்பேன்தான்.” அக்கா கொடியிலிருந்த போர்வையை உருவினாள். “வேலைய வேலையா செய். அவர் பேச்ச மட்டும் இங்க எடுக்காத.”

“சரிக்கா.”

“இந்தா, அந்த முனையப் பிடி.”

சின்னவள் பிடித்தாள். இருவருமாக மடித்து வைத்தார்கள்.